விரிசல் வரும் முன்னே: அணு உலைக் குழாய்களின் செலவுக் கணக்கு

1991-ஆம் ஆண்டு பிரான்சின் பியூஜே அணுமின் நிலையத்தில், மூன்றாம் உலைக்குப் பத்தாண்டுக்கு ஒருமுறை செய்யும் அழுத்தச் சோதனை நடந்தது. உலைக்கலத்தின் மூடியைத் துளைத்துக்கொண்டு, கட்டுப்பாட்டுத் தண்டுகள் இறங்குவதற்காகப் பல குழாய்கள் இருக்கும். அவற்றில் ஒன்றில் நீர் கசிந்தது. மிகச் சிறிய கசிவுதான். குழாய் அலாய் 600 என்ற நிக்கல் கலவையால் ஆனது. அரிப்புக்கு அசையாது என்று நம்பித்தான் அந்த உலோகத்தைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். வெட்டி எடுத்துப் பார்த்தபோது உள்ளே விரிசல் ஓடியிருந்தது.

இந்த ஒரு விரிசலை இரண்டு நாடுகள் இரண்டு விதமாக எடைபோட்டன. பிரான்சின் அரசு மின் நிறுவனமான ஈடிஎஃப், எல்லா உலைகளின் மூடிகளையும் திரும்பத் திரும்பச் சோதிப்பதற்கு ஆகும் பணம், நேரம், தொழிலாளர் மீது விழும் கதிர்வீச்சு ஆகியவற்றைக் கூட்டிப் பார்த்தது. புது மூடியே மலிவு என்ற முடிவுக்கு வந்து, 1990களிலேயே, விரிசலுக்கு எளிதில் இடங்கொடுக்காத அலாய் 690 என்ற கலவைக் குழாய்களோடு மூடிகளை ஒவ்வொன்றாக மாற்றத் தொடங்கியது. அமெரிக்க நிறுவனங்கள் காத்திருந்தன. விரிசல்கள் நெடுக்குவாட்டில்தான் ஓடும், குழாய் துண்டாகிப் பறக்காது, கசிந்தால் நீரிலுள்ள போரான் வெள்ளை உப்பாகப் படிந்து காட்டிக்கொடுத்துவிடும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்பது அவர்களுடைய வாதம். அந்த வாதத்தை முட்டாள்தனம் என்று நான் சொல்லமாட்டேன். கையிலிருந்த தரவுகளோடு அது பொருந்தியே இருந்தது.

பற்றவைப்பு ஆய்வு என் தொழிலாக இருந்தது. அனல்மின் நிலையக் குழாய்களின் இணைப்புகளை மீயொலிக் கருவியால் சோதித்து, "இதை வெட்டி மறுபடி பற்றவை" என்று எழுதிக் கொடுப்பது என் வேலை. ஒவ்வொரு முறையும் செலவைப் பார்ப்பவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றே: "வெட்டாவிட்டால் என்ன ஆகும்?" நியாயமான கேள்வி. அதற்கு நேர்மையான விடை சொல்வது மிகக் கடினம். அணு உலைகளில் அந்தக் கேள்வியின் எடை பல மடங்கு கூடுகிறது. அதனால்தான் ஓய்வுக்குப் பிறகும் இந்த அறிக்கைகளைத் தேடித் தேடிப் படிக்கிறேன்.

விரிசல் எப்படி உண்டாகிறது என்பதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இழுவிசையும் அரிப்பும் சேர்ந்து உண்டாக்கும் இந்தத் தகைவரிப்பு விரிசல் தோன்றுவதற்கு மூன்று சேர வேண்டும்: இடங்கொடுக்கும் உலோகம், அந்த உலோகத்தை ஓயாமல் இழுத்துக்கொண்டிருக்கும் விசை, அதற்கு ஏற்ற நீர். மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் விரிசல் பிறக்காது. பற்றவைத்த இடத்தில் இந்த மூன்றில் இரண்டு தாமாகவே வந்து உட்கார்ந்துவிடும். உருகிய உலோகம் ஆறும்போது சுருங்குவதால், வெளியிலிருந்து யாரும் இழுக்காமலேயே இணைப்பின் உட்பக்கம் இழுவிசையில் இருக்கும். 304 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில், பற்றவைப்புக்குப் பக்கத்தில் ஏறத்தாழ 500 முதல் 800 டிகிரி வரை சூடேறிய பட்டையில், கரியும் குரோமியமும் சேர்ந்து உலோக மணிகளின் எல்லைகளில் ஒதுங்கிவிடும். அந்த எல்லையோரம் குரோமியம் குறைந்து போவதால் துருவைத் தடுக்கும் காப்பு அங்கே மட்டும் இருக்காது. மிச்சமிருப்பது நீர். உலைக்குள்ளேயே நீர் ஆவியாகும் கொதிநீர் உலையில் கதிர்வீச்சு நீரைப் பிளந்து ஆக்சிஜனை உண்டாக்குகிறது. 100 கோடியில் 200 பங்கு என்ற அளவில். குடிநீரோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. 288 டிகிரி சூட்டில் அதுவே போதுமானது.

1970களின் நடுவில் அமெரிக்கக் கொதிநீர் உலைகளின் சிறு குழாய்களில் இந்த விரிசல்கள் வரிசையாகத் தெரிந்தன. 1975 ஜனவரியில், அப்போதுதான் பிறந்திருந்த அமெரிக்க அணு ஒழுங்குமுறை ஆணையம் 23 உலைகளைச் சோதிக்க உத்தரவிட்டது. சின்னக் குழாய்களில்தான் வருகிறது, பெரிய குழாய்களில் வராது என்று ஒரு நம்பிக்கை அன்று நிலவியது. 1982 மார்ச்சில் நியூயார்க் மாநிலத்தின் நைன் மைல் பாயிண்ட் முதல் உலையில், 28 அங்குல விட்டமுள்ள மறுசுழற்சிக் குழாயில் நீர் கசிந்தது. அழுத்தச் சோதனையில் கண்ணுக்குத் தெரிந்த கசிவு அது. அதற்கு முன்பு நடந்த மீயொலிச் சோதனைகளில் சிக்கவில்லை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பற்றவைப்பின் பெரிய மணிகள் ஒலியைச் சிதறடிக்கும். விரிசலின் எதிரொலியும் பற்றவைப்பின் வடிவம் தரும் எதிரொலியும் திரையில் ஒன்றுபோலவே நிற்கும். அந்தத் திரையை நாள் முழுவதும் பார்த்தவன் என்ற முறையில், அன்றைய சோதனையாளர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதே கொதிநீர் குடும்பத்தைச் சேர்ந்தவைதான் மகாராஷ்டிரத்தில் 1969-இல் மின் உற்பத்தி தொடங்கிய தாராப்பூரின் முதல் இரு உலைகளும்.

நைன் மைல் பாயிண்ட் நிறுவனம் குழாய்களையே மாற்றியது. உலை ஓராண்டுக்கு மேல் நின்றது. கரி குறைந்த 316 அணுத்தர எஃகு வந்தது. ஆனால் எல்லோரும் அந்த வழியில் போகவில்லை. பலர் விரிசல் விட்ட இணைப்பின் மேலேயே, வெளிப்புறத்தில், சுற்றிலும் புது உலோகத்தைத் தடிமனாகப் பற்றவைத்தார்கள். ஓட்டு வீட்டில் ஒழுகும் இடத்துக்கு மட்டும் ஓடு மாற்றுவதா, கூரையையே பிரித்துப் போடுவதா என்று வீட்டுக்காரர் தவிப்பது போன்ற நிலைதான் அது. முதலில் இந்த மேற்பூச்சை ஓரிரு எரிபொருள் சுற்றுகளுக்கு (ஒரு எரிபொருள் மாற்றத்திலிருந்து அடுத்தது வரை) மட்டுமே ஆணையம் அனுமதித்தது. அதற்குள் ஒரு நல்ல விஷயம் புரிந்தது. வெளியே போட்ட உலோகம் ஆறிச் சுருங்கும்போது குழாயை இறுக்குகிறது. உட்சுவரில் இருந்த இழுவிசை அமுக்குவிசையாக மாறிவிடுகிறது. விரிசலைப் பிறப்பித்த அதே சுருக்கம் இங்கே விரிசலை வாய்மூட வைக்கிறது. ஆய்வோடு சேர்த்து நீண்டகாலத் தீர்வாகவே இதை ஏற்றுக்கொண்டார்கள். இந்தத் தொழிலில் எனக்கு மிகப் பிடித்த தீர்வுகளில் இது ஒன்று.

இந்த இடத்தில்தான் செலவுக் கணக்கில் பணமல்லாத ஒரு பொருள் நுழைகிறது. முழுக் குழாயையும் மாற்றும் ஒரு வேலைக்கு, அதில் ஈடுபடும் எல்லோரும் வாங்கும் கதிர்வீச்சைக் கூட்டினால் ஆயிரம் ரெம்முக்கு மேல் போகும். ஆயிரம் பேர் தலைக்கு ஒரு ரெம், அதாவது 10 மில்லிசீவர்ட், வாங்குவதற்குச் சமம். அமெரிக்க ஆணையம் தன் செலவு–பயன் கணக்குகளில் ஒரு ரெம்முக்கு முதலில் 1,000 டாலர் என்றும், 1995-இல் அதை உயர்த்தி 2,000 டாலர் என்றும் மதிப்பு வைத்தது. அப்படிப் பெருக்கினால் ஆயிரம் ரெம் என்பது 20 லட்சம் டாலர். ஒரு பெரிய உலை சில நாட்கள் நின்றாலே அவ்வளவு பணம் போய்விடும்.

இந்தப் பெருக்கல் எனக்கு உறுத்துகிறது. ஒரு மதிப்பு வைத்தே ஆக வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். மதிப்பே வைக்காவிட்டால், நடைமுறையில் அந்த மதிப்பு சுழியமாகத்தான் இருக்கும். ஆனால் கதிர்வீச்சை வாங்குபவர் பெரும்பாலும் ஒப்பந்தப் பற்றவைப்பாளர். மின்சாரம் தடையில்லாமல் பெறுபவர் வேறொருவர். ஒருவர் பெறும் பயனிலிருந்து இன்னொருவர் சுமக்கும் பாதிப்பைக் கழித்து வரும் விடையை "நிகர லாபம்" என்று எழுதிவிட்டு நகர்வது சரியல்ல. மேற்பூச்சு வென்றதற்கு மலிவு மட்டும் காரணமில்லை. அதைப் போடுவதற்குத் தானியங்கிக் கருவி போதும், மனிதர் உலைக்குள் நிற்கும் நேரம் குறையும். அந்த நேரத்தை நான் கணக்கின் முதல் வரியில் எழுதுவேன்.

நீரையே மாற்றும் வழியும் இருந்தது. உலை நீரில் ஹைட்ரஜனைக் கலந்தால் அது ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளும். சுவீடனின் ஆஸ்கர்ஷாம்ன் இரண்டாம் உலையில் 1979-இல் சோதித்தார்கள், 1982-இல் அமெரிக்காவின் டிரெஸ்டனில். விரிசல் வளர்ச்சி அடங்கியது. கூடவே ஒரு வில்லங்கமும் வந்தது. நீரில் உண்டாகும் நைட்ரஜன்–16, ஹைட்ரஜன் மிகுந்த நீரில் அம்மோனியாவாக மாறி ஆவியோடு போய்விடுகிறது. ஆவிக்குழாய்களின் அருகே கதிர்வீச்சு ஐந்து மடங்கு வரை ஏறியது. ஏழு வினாடியில் பாதியாகிவிடும் பொருள்தான், ஆனால் விசையாழி அருகே வேலை செய்பவருக்கு அது ஆறுதல் அல்ல. 1996-இல் டுவேன் ஆர்னல்ட் உலையில் பிளாட்டினத்தையும் ரோடியத்தையும் மிகச் சிறிய அளவில் நீரில் சேர்த்து, குழாய்ச் சுவரில் படிய வைத்தார்கள். அதன் பிறகு மிகக் குறைந்த ஹைட்ரஜனே போதுமானதாயிற்று. பதினேழு ஆண்டுகள் பிடித்தது, ஒரு தீர்வு பிறந்து அதன் பக்கவிளைவுக்கும் தீர்வு பிறக்க.

காத்திருந்த அமெரிக்க மூடிகளுக்குத் திரும்புகிறேன். 2001-இன் தொடக்கத்தில் ஒகோனி மூன்றாம் உலையில், மூடிக் குழாயைச் சுற்றி வளையமாக ஓடும் விரிசல் தென்பட்டது. நெடுக்குவாட்டில்தான் ஓடும் என்ற வாதத்தின் அடித்தளமே ஆடியது. ஆபத்து அதிகமுள்ள உலைகள் 2001 டிசம்பர் 31-க்குள் சோதிக்கப்பட வேண்டும் என்று ஆணையம் கேட்டது. ஒஹையோவின் டேவிஸ்–பெசி உலையை நடத்திய நிறுவனம், மார்ச்சில் எரிபொருள் மாற்ற எப்படியும் நிறுத்தப்போகிறோம், அதுவரை பொறுங்கள் என்றது. நிறுத்த உத்தரவின் வரைவு ஆணையத்தில் தயாராக இருந்தது. பேசிப் பேசி 2002 பிப்ரவரி 16 என்று முடிவாயிற்று. டிசம்பர் இறுதியிலிருந்து கணக்கிட்டால் ஏழு வாரம் கூட இல்லை.

மார்ச்சில் மூடியைப் பார்த்தபோது, கசிந்த போரான் அமிலம் ஆறு அங்குலத்துக்கு மேற்பட்ட கனமுள்ள எஃகைக் கரைத்துப் பெரும் குழி ஆக்கியிருந்தது. மிச்சமிருந்தது ஒரு சென்டிமீட்டர் கூட இல்லாத ஸ்டெயின்லெஸ் உட்பூச்சு. வளிமண்டலத்தைப் போல் 150 மடங்கு அழுத்தத்தை அந்தத் தகடு தாங்கிக்கொண்டிருந்தது. அது தாங்கும் என்று யாரும் வடிவமைக்கவில்லை. உலை இரண்டாண்டு நின்றது. மாற்று மின்சாரம் உட்பட மொத்தச் செலவு சுமார் 60 கோடி டாலர். ஆணையம் 54.5 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. நீதித்துறையிடம் மேலும் 2.8 கோடி டாலர் கட்ட வேண்டியிருந்தது. சில கோடி டாலரில் முடிந்திருக்கக்கூடிய ஒரு மூடி மாற்றத்தைத் தள்ளிப்போட்டதன் விலை இது. நிறுவனத்தின் பண நெருக்கடியைக் குறைக்கும் விருப்பமே அந்தத் தேதி முடிவைப் பெரிதும் செலுத்தியது என்று ஆணையத்தின் சொந்தத் தலைமை ஆய்வாளரே பிறகு எழுதினார்.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஏழு வாரத்துக்கான பேரத்தில் இரு தரப்பும் விவாதித்தது குழாய் உடையும் சாத்தியத்தைப் பற்றி. குழியைப் பற்றி யாரும் விவாதிக்கவில்லை. அது பட்டியலிலேயே இல்லை. மூடியின் மேல் துருநிறத்தில் அமிலப் படிவு வழிந்து நின்ற படம் 2000-ஆம் ஆண்டிலேயே எடுக்கப்பட்டிருந்தது.

இவ்வளவும் படித்தபோது ஈடிஎஃப் மீது எனக்குப் பெரும் மதிப்பு உண்டாயிற்று. 1990களில் அவர்கள் செலவை முன்னால் போட்டார்கள், பயன் கிடைத்தது. அதே நிறுவனத்துக்குத்தான் 2021-இல் அடி விழுந்தது.

அந்த இலையுதிர் காலத்தில் சிவோ அணுமின் நிலையத்தின் முதல் உலைக்கான பத்தாண்டுச் சோதனையில், அவசரக் குளிர்விப்பு நீரைச் செலுத்தும் குழாய்களின் வளைவுகளில் மீயொலிக் கருவி சந்தேகம் காட்டியது. அவர்கள் தேடியது வெப்ப ஏற்றத்தாழ்வால் வரும் களைப்பு விரிசலை. வெட்டி ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்த்தால் தகைவரிப்பு. குழாய் 316எல் வகை, கரி குறைந்தது. நீரைக் கொதிக்க விடாமல் அழுத்தத்தில் வைக்கும் அழுத்தநீர் உலை என்பதால் நீரில் ஹைட்ரஜன் உண்டு, ஆக்சிஜன் ஏறத்தாழ இல்லை. கொதிநீர் உலைகள் கற்றுத்தந்த பாடத்தின்படி உலோகமும் சரி, நீரும் சரி. எனவே இந்த இடத்தில் இந்த விரிசலை யாரும் எதிர்பார்க்கவில்லை. முக்கிய காரணமாகத் தெரிந்தது குழாயின் போக்கு. புதிய வகை உலைகளில் இந்தக் குழாய்த்தடத்தின் வடிவம் மாற்றப்பட்டிருந்தது. அசையாமல் நிற்கும் நீரில் மேலே சூடும் கீழே குளிர்ச்சியுமாக அடுக்கு பிரிந்து, இணைப்புகளை இழுத்தது. பழைய 900 மெகாவாட் உலைகளில் பாதிப்பு மிகக் குறைவு.

டிசம்பர் முடிவதற்குள் சிவோ இரண்டாம் உலையும் ஷூஸ் நிலையத்தின் இரு உலைகளும் நின்றிருந்தன. பிறகு பென்லி. 2022-இல் ஒரு கட்டத்தில் அரிப்புக்காக மட்டும் 12 உலைகள் நின்றன. கொரோனாவால் தள்ளிப்போன பராமரிப்பும் சேர்ந்துகொள்ள, 56 உலைகளில் பாதிக்கு மேல் ஓடவில்லை. ரஷ்ய எரிவாயு நின்று ஐரோப்பா தவித்த ஆண்டும் அதுதான். ஆகஸ்டில் அடுத்த ஆண்டுக்கான பிரெஞ்சு மின்சாரம் ஒரு மெகாவாட்–மணிக்கு 1,000 யூரோவைத் தாண்டி விற்றது. 2021-இல் ஏறத்தாழ 361 டெராவாட்–மணி இருந்த அணுமின் உற்பத்தி 279-ஆக விழுந்தது. 1988-க்குப் பிறகு அவ்வளவு குறைவு வந்ததில்லை. நாற்பதாண்டுகளாக மின்சாரம் ஏற்றுமதி செய்த நாடு வாங்கும் நாடானது. அந்த ஆண்டு ஈடிஎஃப்பின் நட்டம் 1,790 கோடி யூரோ. அரசின் விலைக் கட்டுப்பாட்டுக்கும் அதில் பங்குண்டு. பெரும்பங்கு, தன்னால் உற்பத்தி செய்ய முடியாத மின்சாரத்தை அந்த விலைக்கு வாங்கி விற்றதால் வந்தது.

ஒரு துளி கதிர்வீச்சும் வெளியே போகவில்லை. என் வாதம் இதில்தான் தொடங்குகிறது. விரிசல் தடுப்பின் பயனைக் கணக்கிடும் வழக்கமான முறை இப்படி: குழாய் உடையும் வாய்ப்பு, அதனால் உலை உருகும் வாய்ப்பு, அதனால் வரும் பாதிப்பு, எல்லாவற்றையும் பெருக்கு. மிக நுண்ணிய எண்களைப் பெருக்கினால் விடையும் நுண்ணியதாகவே வரும். அதைத் தடுப்புச் செலவோடு ஒப்பிட்டால் தடுப்பு வீண் செலவு போலத் தெரியும். பெருவிபத்தை அந்தப் பெருக்கல் ஓரளவு சரியாகவே மதிப்பிடுகிறது என்றே வைத்துக்கொள்வோம். விபத்தே இல்லாமல் வந்த இந்த நட்டத்தை அது தொடவே இல்லை. ஒரே வரைபடத்தில் கட்டிய உலைகள் ஒரே நோயை ஒரே காலத்தில் காட்டுகின்றன. ஒரு உலையின் இணைப்பில் விரிசல் என்றால் அதன் உடன்பிறப்புகள் எல்லாவற்றையும் நிறுத்திப் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்த நாள் நாம் தேர்ந்தெடுத்த நாளாக இருக்காது. ஆகவே ஒரு குழாய்த்தடத்தை முன்கூட்டிச் சோதிப்பதன் பயனை அந்த ஒரு உலைக்காக மட்டும் கணக்கிடக் கூடாது. அந்த வரைபடத்தில் கட்டிய எல்லா உலைகளும் ஒரு குளிர்காலம் சேர்ந்து நின்றால் என்ன ஆகும் என்பதையும் சேர்க்க வேண்டும். அப்படிச் சேர்த்தால், விரிசல் வராது என்று நம்பும் இடங்களில் ஆண்டுக்குச் சில இணைப்புகளை வெட்டிப் பார்ப்பதற்கான செலவு மிக எளிதாக நியாயப்படும்.

எல்லாக் குழாய்களையும் மாற்று என்று நான் சொல்லவில்லை. 2022-இல் பிரான்சில் அமெரிக்காவிலிருந்தும் கனடாவிலிருந்தும் பற்றவைப்பாளர்களை வரவழைக்க வேண்டியிருந்தது. உள்ளூரில் திறமையானவர்கள் போதவில்லை; இருந்தவர்களும் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் என்ற வரம்புக்குள் தான் வேலை செய்ய முடியும். திறமையான கை என்பது இந்தக் கணக்கில் பணத்தைவிட அரிதான பொருள். தேவையில்லாத இடத்தில் அதைச் செலவழித்தால் தேவையான இடத்தில் இருக்காது. பாதிப்புக்கு அதிக வாய்ப்புள்ளவை என்று கண்ட 16 உலைகளை மட்டும் தேர்ந்து குழாய்களை வெட்டி மாற்றியது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

2023 மார்ச்சில் பென்லி முதல் உலையிலிருந்து இன்னொரு செய்தி வந்தது. 27 மில்லிமீட்டர் கனமுள்ள குழாயில் 23 மில்லிமீட்டர் ஆழத்துக்கு விரிசல். நீளம் 155 மில்லிமீட்டர், சுற்றளவில் ஏறத்தாழ கால் பங்கு. விரிசலுக்கு வாய்ப்புக் குறைவு என்று கருதிய குழாய்த்தடம் அது. அந்த இணைப்பு கட்டுமானக் காலத்தில் இரண்டு முறை திருத்திப் பற்றவைக்கப்பட்டிருந்தது. திருத்தும் ஒவ்வொரு முறையும் புதிய சுருக்கம், புதிய இழுவிசை. என் போன்றவர்கள் அன்றாடம் எழுதிக் கொடுத்த "வெட்டி மறுபடி பற்றவை" என்ற குறிப்பு அதுதான். அதன் பிறகு ஈடிஎஃப் தன் பழைய கட்டுமானப் பதிவேடுகளைப் புரட்டி, திருத்தப்பட்ட இணைப்புகளையெல்லாம் பட்டியலிட்டு, அவற்றை முதலில் சோதிக்கத் தொடங்கியது. பல பத்தாண்டுகளுக்கு முன் யாரோ ஒரு ஆய்வாளர் பொறுப்பாக எழுதி வைத்த தாள்கள் இருந்ததால்தான் அது முடிந்தது.

இந்தியாவும் இப்போது ஒரே வரைபடத்தில் பல உலைகளைக் கட்டும் வழியில் இறங்கியிருக்கிறது. 2017-இல் 700 மெகாவாட் கனநீர் உலைகள் பத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அவை ஒவ்வொன்றிலும் 392 எரிபொருள் குழல்கள்; ஒவ்வொரு குழலுக்கும் இரு முனையிலும் ஊட்டுக்குழாய். கல்பாக்கத்தின் முதல் உலையில் ஊட்டுக்குழாய்களை மொத்தமாக மாற்றிய அனுபவம் நமக்கு உண்டு. அங்கே சிக்கல் சுவர் மெலிவு, விரிசல் அல்ல. ஆனாலும் எத்தனை பேர், எவ்வளவு கதிர்வீச்சு, எவ்வளவு காலம் என்ற கணக்கு நம்மவர்கள் கையில் இருக்கிறது. அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு, பத்து உலைகளுக்கும் சேர்த்து இரண்டு கேள்விகளுக்கு இப்போதே விடை எழுதலாம்: கட்டும்போது திருத்திப் பற்றவைத்த இணைப்பு எது எது என்பது தேடினால் கிடைக்கும் வடிவில் பதிவாகிறதா? விரிசல் வராது என்று முடிவு கட்டிய தடங்களில், ஆண்டுக்கு எத்தனை இணைப்புகளைச் சோதிக்க நிதி ஒதுக்கப்பட்டிருக்கிறது?